ஜன்னலருகே மண்டியிட்டவர்

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெள்ளையடித்துவிடலாம் என்று ஆள் கூப்பிட்டிருந்தேன். பரணைக் காலி செய்து தரச் சொன்னார்கள். நானே ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக இறக்கினேன். உங்கள் பழுப்புப் பெட்டிக்குள் பிரிக்காத டயபர் பொட்டலம் ஒன்று கிடந்தது. அரபி எழுத்து, பல்லில்லாமல் சிரிக்கும் ஒரு குழந்தையின் படம். உறையைத் தொட்டதும் ஓர் ஓரம் நொறுங்கியது. உள்ளிருந்து அந்தப் பவுடர் வாசனை இன்னும் லேசாக வந்தது. ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, மயக்கமா வருதா?" என்று வெள்ளையடிக்க வந்தவர் கீழிருந்து கேட்டார். "இல்லங்க, சிரிப்பு வந்துருச்சு" என்றேன். அது பொய்யில்லை.

நீங்கள் முதல் தடவை குவைத்துக்கு லாரி ஓட்டப் போனபோது ஜெனி என் வயிற்றில் இருந்தாள். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, வெள்ளைக் கவுனோடு எடுத்த போட்டோவை உங்களுக்கு அனுப்பினேன். அப்போது அவளுக்கு மூன்று மாதம். அடுத்த வருடம் புரட்டாசியிலேயே அடைமழை பிடித்துக்கொண்டபோது, துணி ஒன்றுகூடக் காய மாட்டேன் என்கிறது, கூடத்தில் கொடி கட்டி, கீழே கரியடுப்பு வைத்து உலர்த்துகிறோம், வீடெல்லாம் புகை என்று எழுதியிருந்தேன். உங்கள் வேட்டியைத்தான் முக்கோணமாகக் கிழித்து அவளுக்கு இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் பெட்டியில் பாதியை டயபரால் நிரப்பிக்கொண்டு வந்தீர்கள்.

நம் தெருவில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பெட்டியை எல்லோரும் கூடி நின்றுதான் திறப்பார்கள். டேப்ரெக்கார்டரும் செண்டு பாட்டிலும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் நீங்கள் பொட்டலம் பொட்டலமாக எடுத்து அடுக்கினீர்கள். ஒன்றைப் பிரித்து ஜெனியின் மேல் வைத்துப் பார்த்தால், அது அவளுடைய ஒரு தொடையைச் சுற்றத்தான் போதும்.

நம்மோடு இருந்த உங்கள் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போட்டோவுல இருந்த புள்ளைக்கு வாங்கிட்டு வந்தியாடா? இவ நடந்தே குவைத்துக்கு வந்து உன்னைக் கூட்டிட்டு வந்துருப்பா!"

நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அன்று சாயங்காலம் வரை ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தீர்கள். நான் காப்பி கொடுத்தபோது மெதுவாகச் சொன்னீர்கள். "அந்தப் போட்டோவத்தான் கடைக்காரன்கிட்ட காட்டுனேன். தெனம் பாத்த மொகம் அதுதானே. வளந்துருப்பான்னு தெரியும். ஆனா தோணல."

ஜெனியோ உங்கள் மீசையைப் பார்த்தாலே அலறினாள். நீங்கள் கூடத்துக்கு வந்தால் அவள் சமையலறைக்கு ஓடினாள். இரண்டு மாத விடுமுறைதான் இருந்தது. அதற்குள் அவளுக்கு நீங்கள் அப்பாவாகிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த விடுமுறைக்கு வரும்போதும் வேற்றாள்தான். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அந்தப் பயம் உங்களுக்கு இருந்தது எனக்குத் தெரியும். மற்றவர்களாக இருந்தால் பொம்மை வாங்கியிருப்பார்கள், மிட்டாய் காட்டியிருப்பார்கள். நீங்கள் மறுநாள் காலையில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "இனிமே இவளுக்குத் துணி மாத்துறது நான்" என்றீர்கள்.

அது லேசான வேலையில்லை. எனக்கே அவளைப் பாயில் போட்டால் கெண்டை மீனைப் பிடித்த மாதிரி இருக்கும். ஒரு முடிச்சுப் போடுவதற்குள் புரண்டு, எழுந்து, பாதித் துணியை வால் மாதிரி இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். உங்களிடம் முதல் நாள் அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்னாடா வேடிக்கை பாக்குற? ரெண்டு காலையும் சேத்து அமுக்கிப் புடி. கோழிய எப்படிப் புடிப்போம்?" என்றார் உங்கள் அக்கா.

"கோழிக்கு நான் அப்பா இல்லையேக்கா."

கையை எடுத்துவிட்டீர்கள். அவள் ஓடினாள். ஓடியவள் தெரு ஜன்னலின் தாழ்ந்த திண்டில் ஏறி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நன்னிலம் பஸ் போவதைப் பார்த்தபடி நின்றாள். நீங்கள் சத்தம் போடாமல் பின்னால் போய் மண்டியிட்டீர்கள். ஈரத் துணி தானாக நழுவியிருந்தது. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தீர்கள். அவள் திரும்பவில்லை. பவுடர் போட்டீர்கள், திரும்பவில்லை. நின்ற பிள்ளைக்கு முடிச்சுப் போடத் தெரியாமல் நீங்கள் தடுமாறியபோதுதான் குனிந்து பார்த்து வீறிட்டாள். ஆனால் பாதி வேலை அதற்குள் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து அவளைப் படுக்கவைக்கவே இல்லை. அவள் நனைத்ததும் அவளை ஜன்னலுக்கு வரவழைக்க ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டுபிடித்தீர்கள். நடவு வயலில் கொக்கு, மழையில் நனையும் ஆடு, குடையோடு போகும் மாதா கோயில் உபதேசியார். கொக்கு இல்லாத நாளில் நீங்களே கொக்கு மாதிரிக் கத்தினீர்கள். கொக்கு அப்படித்தான் கத்துமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

தெருவில் போன உங்கள் கூட்டாளி ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்னா மாப்ள, குவைத்துலயும் இதான் வேலையா?" என்று கேட்டார்.

நீங்கள் கூச்சப்படவில்லை. ஈரத் துணியோடு நிமிர்ந்து, "இந்த வீட்டுக்கு விசா கேட்டு நிக்கிறேன் மாப்ள. இன்னும் ஸ்டாம்பு விழல" என்றீர்கள்.

அந்தத் துணிகளை வயல் மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோய் அலசியதும் நீங்கள்தான். நான் பட்டம் படித்தவள், பெண்ணும் ஆணும் சமம் என்று கல்லூரி மேடையில் பேசியவள். இருந்தும் முதல் சில நாட்கள், தெருவில் என்ன நினைப்பார்களோ என்று துணியை உங்கள் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தேன். "நீ ஒண்ணர வருஷம் பாத்துட்ட. எனக்கு இதுக்கப்புறம் எங்க கெடைக்கும்?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு நான் பிடுங்கவில்லை.

மூன்றாவது வாரத்திலோ என்னவோ, அவள் ஒரு காலைத் தூக்கும்போது தடுமாறி, கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து உங்கள் தலையில் ஊன்றிக்கொண்டாள். யார் தலை என்று அவள் பார்க்கவில்லை. வெளியே ஏதோ டிராக்டர். நீங்கள் முடிச்சை முடித்துவிட்டீர்கள். முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலிக்குமே என்று கூப்பிட வந்த நான், உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டேன்.

அவ்வளவுதான் கிடைத்தது. அவள் உங்கள் மடியில் வந்து உட்காரவில்லை, முத்தம் கொடுக்கவில்லை, அப்பா என்று கூப்பிடவும் இல்லை. நீங்கள் கேட்கவும் இல்லை. தலையில் கை வைத்துக்கொள்ள மட்டும் பழகிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்பே விடுமுறை முடிந்தது. திருச்சிக்கு வேன் வந்து நின்றபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். "எழுப்பவா?" என்றேன். "வேணாம். எழுந்ததும் துணி பாரு" என்று சொல்லிவிட்டு ஏறினீர்கள்.

எழுந்தாள். துணி நனைந்திருந்தது. பழைய பழக்கத்தில் நான் பாயை விரித்தேன். அவள் என்னைத் தாண்டி ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டாள். வேறு வழியில்லாமல் நானும் மண்டியிட்டேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கிருந்து அவள் முகம் தெரியாது. இரண்டு மாதமும் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டுதான் அத்தனை கொக்குக் கதையும் சொல்லியிருக்கிறீர்கள்.

அவள் கை என் தலைக்கு வந்தது. தடவிப் பார்த்தது. பின்னலும் பூவும் தட்டுப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டாள். முதல் முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்து, "ப்பா?" என்றாள். இன்னொரு முறை, சத்தமாக. அழுகை வந்தது அவளுக்கு. எனக்கும்.

வெள்ளிக்கிழமை நீங்கள் வழக்கம்போல் தெருமுனை டெலிபோன் பூத்துக்குக் கூப்பிட்டீர்கள். வெளிநாட்டிலிருந்து பேசும்போது மூச்சுவிடக்கூட நிறுத்தாதவர் நீங்கள். நலமா, சம்பா எப்படி, அக்காவுக்கு இருமல் குறைந்ததா என்று கேட்டுக்கொண்டே போவீர்கள். நான் நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதென்று நினைத்து, "என்னங்க, என்னங்க" என்றேன். லைன் இருந்தது. தூரத்தில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது கேட்டது. பூத்துக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "முடிச்ச ரொம்ப இறுக்காத, இடுப்புல கோடு விழுது" என்றீர்கள்.

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் நீங்கள் கட்டிய வீட்டைச் சொன்னார்கள், ஜெனியைப் படிக்கவைத்ததைச் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான், தலையாட்டினேன். அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் பேசாமல் இருந்த நேரத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அது என்னிடம் இருக்கிறது.