அக்காவின் வேலைக்காடு

அக்கா, நேற்று காம்பாரிலிருந்து ஈப்போவுக்குத் திரும்பும்போது ரப்பர் கட்டிப்பால் ஏற்றிய லாரி ஒன்று என் காருக்கு முன்னால் போனது. கண்ணாடியை ஏற்றியும் நாற்றம் உள்ளே வந்துவிட்டது. பால்மரம் வெட்டிவிட்டு மத்தியானம் நீ வீட்டுக்குள் நுழையும்போது உன் சட்டையில் இருந்த அதே நாற்றம். முந்திப்போக இடம் இருந்தும் கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே வந்தேன்.

வேலை செய்யும் இடத்தை நாம் இருந்த ரப்பர் தோட்டத்தில் எல்லாரும் வேலைக்காடு என்றார்கள். அங்கே அது உண்மையிலேயே காடு. தோட்டத்தை விற்ற பிறகு நீ ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாய். அதுவும் உனக்கு வேலைக்காடு. நான் பாடம் நடத்தும் பல்கலைக்கழகமும் அப்படித்தான். "தங்கச்சி வேலைக்காட்டுல இருக்கா, சாயங்காலமா கூப்பிடுங்க" என்று என் சிநேகிதிகளிடம் சொல்வாய். உன் பேச்சில் எல்லாமே வேலை. "தூங்குற வேலையப் பாரு." "இந்தக் கோவிச்சுக்கிற வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்." சும்மா இருப்பதை மட்டும் நீ அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

வாதம் வந்து வலது கை விழுந்ததும் என் வீட்டுக்கு வந்தாய். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இனி ஓய்வெடு என்றார்கள். "எனக்கு ஏதாச்சும் வேலை குடுடி" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். எனக்குப் பாசாங்கு பிடிக்காது. மடித்த துணியைக் கலைத்துக் கொடுத்து மறுபடி மடிக்கச் சொல்வது உன்னை ஏமாற்றுவதாகத் தோன்றியது. கொடுக்கவில்லை. மெல்ல மெல்ல நீ தாமதமாக எழ ஆரம்பித்தாய். சோற்றைப் பாதியில் வைத்தாய். "எழும்பி என்ன செய்யப்போறேன்?" என்று ஒரு காலையில் கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டு சரோஜா மகளுக்குக் கல்யாணம் வந்தது அப்போதுதான். தோட்டத்தில், கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்கள் தங்கள் கத்தியோடும் பலகையோடும் காய்கறி வெட்டப் போவார்கள். யாரும் கூப்பிடமாட்டார்கள், கூப்பிடவும் தேவையில்லை. நீ இடது கையில் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாய். பலகையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன்.

"சாப்பாடு கேட்டரிங்குக்குச் சொல்லிட்டோம்லா, அக்கா. நீங்க ஒக்காருங்க" என்றாள் சரோஜா.

"அத்தை கத்தியோட வர்றாங்க, மாப்பிள்ளை ஓடிடப்போறாரு!" என்று உள்ளேயிருந்து ஒருத்தி கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் கத்தியைச் சேலைக்குள் மறைத்ததை நான் பார்த்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று உன் தோளைத் தொட்டேன்.

நீ நகரவில்லை. கூடத்தில் இளம்பெண்கள் விருந்தாளிகளுக்குக் கொடுக்க லட்டும் முறுக்கும் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒட்டிக்கிடந்த பிளாஸ்டிக் பைகளை ஊதி ஊதித் திறந்துகொண்டிருந்தாள் ஒருத்தி. "சாப்பிடுறதுல எச்சி தெறிக்குதுடி" என்று அவளருகில் உட்கார்ந்தாய். இடது கை விரல்களால் ஒரு பையைக் கசக்கி அதன் வாயைத் திறந்து நீட்டினாய். "நான் புடிக்கிறேன், நீ போடு."

"அத்தை சூப்பர்வைசரா?"

"கங்காணிடி. பேச்சக் கொறச்சிட்டு லட்டப் போடு."

சாயங்காலம் மாத்திரை போடக் கூப்பிட வந்தேன். "வேலைக்காட்டுல வந்து கூப்பிடாதே" என்றாய். முகம் வேர்த்திருந்தது. அன்று இரவு நீ சோற்றை மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த தீபாவளிக்கு நீ இல்லை. சரோஜாவின் மகளும் கல்யாணமாகி லூமுட்டுக்குப் போய்விட்டாள். போன வாரம் சரோஜா என் வீட்டு கேட் அருகே வந்து நின்றாள்.

"சும்மாதான் வந்தேன்" என்றாள்.

முன்பென்றால் உட்காரச் சொல்லித் தேநீர் மட்டும் கொடுத்திருப்பேன். எனக்கு அதற்குமேல் தெரியாது. அன்று அவளை உட்காரவைத்து, சமையலறையிலிருந்து முருங்கைக்கீரைக் கட்டை எடுத்து வந்து பாதியை அவள் மடியில் வைத்தேன். ரொம்ப நேரம் இருவரும் இலை உருவிக்கொண்டிருந்தோம். எழும்போது கேட்டாள்:

"நாளைக்கும் வரவா?"

"வாங்க, நெறைய இருக்கு" என்றேன்.

வீட்டில் ஒரு கொத்துகூட மிச்சமில்லை. அவள் போனதும் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினேன், அக்கா.