இரண்டு சர்க்காருக்கு நடுவில் செத்தவர்

மயிலுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் சுகமாக இருக்க மாகாளி துணை. இங்கே நான் இருக்கிறேன், அவ்வளவுதான். பிள்ளை பெற்ற உடம்போடு நீ வரமுடியாமல் போனது நல்லதுதான் கண்ணு, இந்த அசிங்கத்தைப் பார்க்காமல் தப்பித்தாய். தந்தியில் உங்கப்பாரு இறந்துவிட்டார் என்று மட்டும்தான் கொடுக்கச் சொன்னேன். எப்படி என்று இப்போது எழுதுகிறேன், பதறாமல் படி. நம் வீடு கேரளத்தில், வயல் தமிழ்நாட்டில். நம் வயல் நெல்லு அரை மூட்டையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்தவரைச் செக்போஸ்டில் மறித்து, நெல்லு எல்லை தாண்டக் கூடாதென்று சட்டம் இருக்க, கடத்துகிறாயா என்று போலீசு நெஞ்சிலேயே மிதித்திருக்கிறது. அந்நேரம் அரிசி கடத்தியே பணக்காரனான நம்மூர்ச் செங்கோட்டையன் லாரி முப்பது மூட்டை அரிசியோடு போனதாம், அதற்குச் சல்யூட்டாம். தடுமாறி நடந்து வந்தவர் நம் ஊர்ப் பள்ளத்தில் விழுந்தார், எழவில்லை. அந்தப் பக்கத்துப் போலீசு எங்கள் எல்லையில் யாரும் சாகவில்லை என்கிறது, இந்தப் பக்கத்துப் போலீசு எங்கள் எல்லையில் யாரும் அடிக்கவில்லை என்கிறது. ஒரு சர்க்கார் போதாதென்று நமக்கு இரண்டு.

உடம்பை வாங்க இது வேண்டுமென்று மலையாளத்தில் எழுதிய காகிதத்தை இந்தப் பக்கத்துப் போலீசு நீட்டினார்கள், அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன். பிறகு டீச்சர் சரஸ்வதியம்மாள் படித்துச் சொன்னாள், நெஞ்சுவலியில் தானாக விழுந்தார், யார் மேலும் புகார் இல்லை என்று நானே சொன்னதாக இருக்கிறதாம். கையெழுத்துப் போடத் தெரிந்த கழுதைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் தெரியவில்லை பார்.

எலெக்சன் நேரமல்லவா, இரண்டு கட்சியும் மாலையோடு வந்தார்கள். ஒருவன் மலையாளத்தில் அழுதான், ஒருவன் தமிழில் அழுதான், இரண்டு பேரும் போட்டோக்காரனைக் கையோடு கூட்டி வந்தார்கள். மைக்கில் எல்லா மொழிக்காரரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாம், அந்தப் பிள்ளை தன் நெல்லைத் தன் அடுப்புக்குக் கொண்டுவந்தால் கள்ளனாம். செங்கோட்டையனும் கட்சி வேட்டியோடு வந்து, ஏனுங்க அக்கா, போனவரு திரும்பியா வரப்போறாரு, விசாரணைக்கு ஆபீசர் வந்தா காயிதத்துல இருக்கறதையே சொல்லிப்போடுங்க, மாத்திச் சொன்னா உங்களையத்தான் புடிச்சு உள்ள வெப்பாங்க என்றான். எருமைக்குத் தண்ணி காட்டோணும், எந்திரிச்சுப் போ என்றேன். ஊர்க்காரர்கள் மட்டும் ஒழுங்கா, அவன் லாரி அரிசியைத் தின்றுகொண்டே உங்கப்பாரைக் கடத்தல்காரர் என்று கிணற்றடியில் பேசுகிறார்கள். தூ.

செவ்வாய்க்கிழமை பாலக்காட்டு ஆபீசர் வருகிறார். மிதித்துக் கொன்றார்கள் என்று சொல்லத்தான் போகிறேன், உள்ளே வைத்தால் வைக்கட்டும். குழந்தை நூறு வயசு இருக்கட்டும், தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி காட்ட மறக்காதே.

உன் அம்மா நாச்சம்மாள்,
வடகரப்பதி.

ஒட்டப் போகும்போதுதான் தோன்றுகிறது, அந்த ஆபீசர் என் கையெழுத்தைக் காட்டி, அன்றைக்குச் சொன்னது பொய்யா இன்றைக்குச் சொல்வது பொய்யா என்று கேட்டால் நான் என்ன கண்ணு சொல்லுவேன்?