ரத்தம் பத்தவில்லை

ஆடி 9, திங்கட்கிழமை. கெலாங் பாத்தா ரப்பர் தோட்டம்.

மாரிமுத்துவை இன்று அறைந்தே இருப்பேன். நேற்று முனியாண்டிக்கு வெட்டிய கிடாயின் ரத்தத்தைக் குவளையில் பிடித்து, பச்சையாகவே பெண்டாட்டிக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறான். விடிந்ததிலிருந்து அவளுக்கு வாந்தியும் பேதியும். நான் டிரசராக மருந்து கொடுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் துவண்டு கிடக்கிறாள்.

“மூளை இருக்கா உனக்கு? நல்லா வேக வச்சுக் குடுத்தாலாவது சத்து. பச்சையாக் குடுத்தா கிருமிடா!” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

கை கட்டி நின்றான். “டிரசர் அய்யா, நீங்கதானே போன வாரம் இவளுக்கு ரத்தம் பத்தலன்னு சொன்னீங்க. பூசாரி கால்ல விழுந்து வாங்கினேன்.”

சொன்னேன்தான். அவள் வெறுங்காலோடு பால்மரம் வெட்டப் போய்க் கால் வழியே புழு ஏறிவிட்டது, அது குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று விளக்க அன்று பொறுமை இல்லை. வரிசையில் அத்தனை பேர். வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பினேன். புழு மருந்துகூட அடுத்த வாரம் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவ்வளவு திட்டு வாங்கியும் அவன் போகவில்லை. வாசலில் திரும்பி நின்று மெதுவாகக் கேட்டான்.

“கொஞ்சமாச்சும் ரத்தம் ஏறியிருக்குங்களா அய்யா?”

“வெளியே போடா” என்றேன்.