டாப் மாடல் வாங்கிய மகாராஜாவுக்கு

என்னங்க,

சாப்பாடு மேசை மேல் மூடியிருக்கிறது. பக்கத்தில் கிடக்கும் மினுங்கும் எழுத்து, நீங்கள் நேற்று வாங்கிய பழைய காரின் பின்கதவிலிருந்து நான் நகத்தாலேயே பிய்த்தது. டாப் மாடலாம்! டாப் மாடலுக்குப் போடும் எழுத்தை எவனோ பசை போட்டு ஒட்டியிருக்கிறான். வண்டி இருப்பதிலேயே அடிமட்ட மாடல். பின்னால் வைப்பர் இல்லை, ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும், ஏர்பேக் மருந்துக்கும் இல்லை.

ரிடையராகும்வரை முப்பது வருஷம் கார் உதிரிபாகக் கடையில் நின்றவளிடம், "உனக்கென்ன தெரியும், வீட்ல இரு" என்றீர்கள். கூட்டிப்போனதோ ஓவிய வாத்தியாரை. அவர் கலர் பிரமாதம் என்றாராம்.

விற்றவனுக்குப் போன் போட்டு அவன் ஏழு தலைமுறையையும் விசாரித்தேன். "அஞ்சு மணிக்குள்ள கொண்டாங்கம்மா, திருப்பி எடுத்துக்கறேன்" என்று அழாத குறை.

சாவிக்காக வீட்டைப் புரட்ட வேண்டாம். அது என் பையில், நான் அக்கா வீட்டில். எங்கள் வீட்டாரை நீங்கள் 'வாயாடிக் கூட்டம்' என்பீர்களே, அத்தனை பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தாயிற்று. அவர்கள் முன்னால், "என் பொண்டாட்டியக் கேட்டிருக்கணும்" என்று சத்தமாகச் சொன்னால் சாவி கிடைக்கும்.

பி.கு.: மூன்று தடவையாவது சொல்ல வேண்டியிருக்கும். அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்கும். இன்று மட்டும் கேட்காது.