பூட்டிய வீட்டிலுள்ள சென்சாரை இடம் மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
ஒப்பந்த எலக்ட்ரீஷியன்,
இரண்டாம் மாடி, ‘சி’ பிளாக்.

பெறுநர்:
நிர்வாகப் பொறியாளர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: ‘சி’ பிளாக்கில் ஆறு வீடுகளின் எக்ஸாஸ்ட் ஃபேன்கள் ஓடாதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஈரம் கூடினால் தானே ஓடி, குறைந்தால் தானே நிற்கும் ஃபேன்கள் சென்ற ஆண்டு எங்கள் குளியலறைகளில் பொருத்தப்பட்டன. ஃபேனைப் போடும் குடியிருப்போர் அணைக்க மறக்கிறார்கள் என்று சுவிட்சுகளையே கழற்றிவிட்டார்கள். ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஈரத்தை அளக்கும் சென்சார் ஒன்றே ஒன்று. அது மூன்றாம் மாடியில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டில் இருக்கிறது.

2. அதை அங்கே மாட்டியவன் நான்தான். “குடியிருக்கிற வீட்டுல வச்சா நோண்டிடுவாங்க, காலி வீட்டுல வைப்பா” என்றார் சூப்பர்வைசர். தவறு என்று எனக்குத் தெரியும். வேலை போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

3. அந்த வீட்டில் குளிப்பாரும் இல்லை, துவைப்பாரும் இல்லை. ஆகவே எங்கள் ஃபேன்கள் ஒரு நாளும் ஓடியதில்லை. மழை தொடங்கியபின் சுவரில் ஓதம் ஏறி, பூஞ்சை பிடித்து, கூரைவரை கறுத்துவிட்டது. தலையணையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டாததுதான் குறை.

4. என் மகளுக்கு ஏழு வயது. இருபது நாளாக மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் இருக்கிறாள். அதே ஈரத்துக்குள் திரும்பிப் போனால் அடுத்த முறை தூக்கிக்கொண்டு ஓடிவர நேரமிருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்குப் போக வேறு வீடில்லை. “ஊருல எல்லார் வீட்டு ஃபேனையும் ஓட வைக்கிறீங்க, நம்ம வீட்டுது ஓடலையே” என்கிறாள் மனைவி. சென்சாரை மாட்டியது யார் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

5. என் முந்தைய மனுவுக்கு, ‘சென்சார் சரியாக இயங்குகிறது, ஈரப்பதம் இயல்பாக உள்ளது’ என்று பதில் அனுப்பினீர்கள். அதில் பொய்யில்லை ஐயா. காலி வீடு காய்ந்துதான் கிடக்கும். ஃபேனின் மின் இணைப்பில் நானாகக் கை வைத்தால் வீட்டைக் காலி செய்ய நேரும் என்ற நோட்டீசும் கூடவே வந்தது.

ஆகவே, வெள்ளிக்கிழமை மகள் வீடு திரும்புமுன் சென்சாரை ஆள் வாழும் வீட்டுக்கு மாற்ற உத்தரவிடுமாறு பணிந்து கேட்கிறேன். அதற்கு நாளாகும் என்றால் அந்த வீட்டின் சாவியையாவது கொடுங்கள். ஸ்டவ்வும் பானையும் நானே கொண்டுபோகிறேன். காலையும் மாலையும் அங்கே உட்கார்ந்து தண்ணீர் கொதிக்க வைக்கிறேன். கீழே என் மகள் மூச்சு விடட்டும்.

நாள்: ஒன்பதாம் தேதி, திங்கள்
இடம்: ‘சி’ பிளாக்

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
சென்சாரை மாட்டியவன்