மூன்று கொட்டகை, ஒரு ஜவ்வரிசி

1944, தை 20

இன்றும் கந்தவேலோடு சண்டை. அவன் ஆட்கள் காயப்போட்ட ஜவ்வரிசி, களத்தில் கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டி என் பக்கம் உருண்டு வந்துவிட்டதாம். என் ஆட்கள் அதை வாரி என் கூடையில் போட்டுக்கொண்டார்களாம். உருண்டு போவதற்குத்தானே அதை உருட்டுகிறோம்?

யுத்தத்தால் கப்பல் சரக்கு நின்றதிலிருந்து மரவள்ளிக் குச்சிக்கிழங்கில் ஜவ்வரிசி செய்ய ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். கிணற்றடி நிலத்தை விற்று, போன ஆவணியில் நாங்களும் மல்லூரில் ஆரம்பித்தோம். நான் மூத்தவன், கந்தவேல் நடு, சின்னராஜ் கடைக்குட்டி. அப்பா காட்டு நிலத்தை எப்படிப் பங்கு வைத்தாரோ அப்படியே ஆலையையும் வைத்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரு கொட்டகை, ஒரு தொட்டி, மூன்று வறுசட்டி. வரப்புக்குப் பதில் கயிறு. கிழங்கு வாங்குவதிலிருந்து காயப்போடுவது வரை அவரவர் பாடு. மூட்டை கட்டும்போது மட்டும் அளந்து ஒன்றாகக் கொட்டுவோம். இதைவிட நியாயமான ஏற்பாடு எங்கே இருக்கிறது?

தை 27

செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் அங்கமுத்து வந்தார். எங்கள் சரக்கை வாங்கிக் கல்கத்தாவுக்கு அனுப்புகிறவர். நாங்கள் போட்ட மூட்டை ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்து பாயில் கொட்டினார். வெள்ளை, மஞ்சள், பழுப்பு. கடுகளவு, மிளகளவு.

“ஏனுங்க, ஒரே மூட்டைக்குள்ள மூணு ஊட்டுச் சோறு கெடக்குதுங்களே? கல்கத்தாக்காரன் ஒரே மாதிரி கேக்கறானுங்க. மாசி முடியறதுக்குள்ள ஒரே மாதிரி நூறு மூட்டை குடுங்க, வருசம் பூரா வாங்கிக்கறேன். இல்லீனா விட்டுப்போடுங்க.”

பிறகு வெள்ளையை மட்டும் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, “இது ஆரு கொட்டகைங்க?” என்றார்.

சின்னராஜுடையது. அதாவது, அவன் பெண்சாதி முத்தாயம்மாள் சட்டியருகில் நின்று வறுப்பது. என்னுடையது பழுப்பு.

இவர் விட்டுவிட்டால் வேறு மண்டி கிடையாது. ஆலையும் போகும். நிலம் ஏற்கெனவே போய்விட்டது.

தை 29

சின்னராஜ் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தான். “அண்ணா, ஆளுக்கொரு கொட்டகைங்கறதை விட்டுப்போட்டு ஆளுக்கொரு வேலைன்னு வெச்சுக்கலாமுங்களா?” கிழங்கு வாங்கித் தோலுரிப்பது கந்தவேல். அதை அரைத்துப் பாலைத் தொட்டியில் படியவைத்து மாவு எடுப்பது நான். வறுப்பது முத்தாயம்மாள். மண்டிக்கு அலைவது அவன்.

இது அவன் புத்தி இல்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா? தம்பி பெண்சாதி மூத்தவனோடு நேருக்கு நேர் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. என் தலை தெரிந்தால் அவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அவளுக்கும் சேர்த்து இவன் பேசுகிறான்.

மூத்தவன் தொட்டியோடு நிற்பதாம்! ஆனால் அந்த வெள்ளை கண்ணிலேயே நிற்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன்.

மாசி 2

கயிற்றை அவிழ்த்தோம். களம் இவ்வளவு பெரியது என்று இன்றுதான் தெரிந்தது.

மாசி 6

எல்லாமே மஞ்சள். ஒரே மாதிரி மஞ்சள், அது ஒன்றுதான் முன்னேற்றம்.

கந்தவேல் என் தொட்டி சரியில்லை என்றான். நான் அவன் கிழங்கு அழுகல் என்றேன். அரைக்கிறவர்கள் தண்ணீரைச் சொன்னார்கள். முன்பெல்லாம் கெட்டால் யார் கொட்டகை என்று தெரியும், ஒருவனைத் திட்டினால் போதும். இப்போது எல்லோரும் கெடுத்திருக்கிறோம், ஒருவனும் கெடுக்கவில்லை. நல்ல யோசனை சொன்னார்கள், போ!

மாசி 7

அடுத்த யோசனை வந்துவிட்டது, அதே கதவுக்குப் பின்னாலிருந்து. சின்னராஜ் சொன்னான்: “சந்தையில சொத்தைக் கத்திரிக்காயைக் குடுத்தா வாங்கிட்டு வருவமுங்களா? அதாட்டந்தான் இங்கயும். அடுத்த கொட்டகையில வாங்கறவங்க வேண்டாம்னா வேண்டாம். கூடையைத் திருப்பி அனுப்பிச்சுப் போடலாம். ஆருன்னு பாக்க வேண்டியதில்லீங்க.”

கந்தவேலின் கிழங்கு என்னிடம்தானே அரைக்க வருகிறது? உடனே சம்மதித்தேன்.

மாசி 9

கந்தவேலின் கிழங்கு இரண்டு கூடை திருப்பினேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அருமையான ஏற்பாடு.

இராத்திரி ரசத்தில் உப்புக் கரித்தது. கிண்ணத்தைத் தள்ளினேன். “திருப்பி அனுப்பற சட்டமெல்லாம் ஆலையோடங்க. இங்க செல்லாது” என்றாள் என் பெண்சாதி பொன்னாத்தாள். குடித்துவிட்டு எழுந்தேன்.

மாசி 12

இன்று என் மாவுக் கூடை திரும்பி வந்தது.

என்னுடையது! ஆட்கள் எல்லோரும் பார்க்க, நடுக் களத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். நூறு மூட்டையில் பாதிகூடச் சேராத நிலையில், நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது! நேரே வறுக்கும் கொட்டகைக்குப் போனேன். அவள் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால். நடுவில் சின்னராஜ், முழிக்கிறான். “இந்த ஆலைக்கு ஆரு மொதலாளின்னு உம்பட பொண்டாட்டியைக் கேளுடா” என்று கத்தினேன்.

கதவுதான் பேசியது, என்னோடு, நேராக.

“மொதலாளி நீங்கதானுங்க மாமா. வறுக்கச் சொன்னா இப்பவே வறுத்துப்போடறேன். ஆனா அங்கமுத்து முன்னாடி நீங்க இன்னொருக்கா தலை குனிஞ்சு நிக்கறதை எங்களால பாக்க முடியாதுங்க. மாவு புளிச்சிருக்குது. மோந்து பாருங்க.”

இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. கூடையை மோந்தேன். புளித்துத்தான் இருந்தது. அவசரத்தில் தொட்டியைக் கழுவாமல் பழைய அடி மாவின் மேலேயே புதுப் பாலை ஊற்றச் சொன்னது வேறு யார்?

கோபமா, வெட்கமா? இரண்டும்தான். “செரி அம்மிணி, வறுக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் கூடையை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். ஆட்கள் வழி விட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம்.

எழுதி வைக்கிறேன், யாரும் படிக்கப் போவதில்லை: அந்தப் பெண்ணின் தைரியத்தில் பாதி எங்கள் மூவருக்கும் சேர்த்துக்கூடக் கிடையாது. மூத்தவனை எதிர்த்தும் பேசினாள், மரியாதையும் குறையவில்லை. எப்படி முடிந்தது?

மாசி 13

தொட்டியை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினோம். நான்கு கூடை அனுப்பினேன். நான்கையும் எடுத்துக்கொண்டாள். சாப்பாடு நன்றாக இறங்கியது.

மாசி 29

அங்கமுத்து வந்து, ஆளை விட்டுப் பல மூட்டைகளைப் பிரிக்கச் சொல்லிப் பாயில் கொட்டிக் கலந்து பார்த்தார். ஒரே வெள்ளை. “எந்தக் கொட்டகைங்க?” என்றார். “எல்லாமே ஒரு கொட்டகைதானுங்க” என்றேன். நூறையும் ஏற்றிக்கொண்டு, அடுத்ததற்கும் சொல்லிவிட்டுப் போனார். கந்தவேல் வண்டியின் பின்னாலேயே சாலை வரை நடந்தான்.

பங்குனி 19

சல்லடை போட மாரக்காள் என்று ஒருத்தி கூலிக்கு வருகிறாள். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாய் திறந்து பேசிப் பார்த்ததில்லை. அவள் இன்று ஒரு தட்டை வறுக்கும் கொட்டகைக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள். முத்தாயம்மாளே வறுத்த தட்டு.

ஆலையே நின்றுவிட்டது. அரைக்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கந்தவேல் என்னைப் பார்த்தான். மற்றவர்களைத் திருப்பி அனுப்புவது எல்லோருக்கும் இனிக்கும். தனக்கு வரும்போது?

முத்தாயம்மாள் வெளியே வந்தாள். நான் நிற்பதைப் பார்த்தாள், ஆனால் கதவுக்குப் பின்னால் போகவில்லை. ஒரு பிடி அள்ளி நசுக்கிப் பார்த்தாள். உள்ளே பச்சை மாவு.

“ஆமா மாரக்கா, தீ பத்தாம எறக்கிப்போட்டேன். தப்பு என்னுதுதான்” என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. மாரக்காள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். “என்னத்துக்குப் பயப்படறே? நீ இதை வாங்கிச் சலிச்சிருந்தீனாத்தான் எனக்குக் கோவம் வந்திருக்கும்.”

தட்டைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

என் கொட்டகையாக இருந்திருந்தால் மாரக்காளை அந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அதற்குப் பிறகு ஒருவரும் எதையும் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

வெகு நேரம் களத்து ஓரமாகவே நின்றேன். அரைக்கும் சத்தம் மறுபடி கேட்டது. இப்படி ஓர் இடத்தில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறதே என்று பெருமையாக இருந்தது.