ஆறு மணி ஊசி

30-9-94, வெள்ளி
நைட் ஷிப்ட் முடித்து, மனைவி முனிலட்சுமிக்குக் காசநோய் மாத்திரை வாங்க பத்து மணிக்குத் துணைச் சுகாதார நிலையம் போனேன். பூட்டு. கதவில் தாள்: ‘நர்ஸ், பிளேக் தடுப்புப் பணி, ஜூஜுவாடி செக்போஸ்ட்.’ சூரத்தில் பிளேக் வந்தால் இங்கே காசநோய்க்காரிக்கு வைத்தியம் கிடையாதா? வாரம் இரண்டு ஊசி, ஒன்றுகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே. வீட்டுக்கு வந்தால், “இன்னிக்கு ஊசி போட்டாச்சுங்க” என்கிறாள் அவள்.
பூட்டிய கதவுக்குள் போட்டது யார்?

4-10-94
இன்றும் பூட்டு. இன்றும் “போட்டாச்சு”.
“எப்போ?”
“காலையில ஆறு மணிக்கு. செக்போஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னால நர்ஸம்மா அங்க வந்து, கதவைத் திறந்து போட்டுட்டுப் போறாங்க.”
அரசாங்கச் சம்பளக்காரி ஆறு மணிக்கு வருவாளாம்! நான் வீடு திரும்புவது ஏழரைக்கு. வசதியாகப் போயிற்று. இடுப்பில் ஊசித் தடம் தேடினேன். கையைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

7-10-94
அவள் ஊசி அட்டையைப் பார்த்தேன். எல்லா டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங் பிரிவு எனக்கு. உட்கார்ந்த இடத்தில் மொத்தமாகப் போட்ட டிக் தெரியாதா?
“பழைய அட்டை நனைஞ்சிருச்சுங்க. புதுசுல எழுதிக் குடுத்தாங்க.”
இவளையும் சொல்லவைத்திருக்கிறாள் அந்த நர்ஸ்.

8-10-94
ஜூஜுவாடி போனேன். நர்ஸ் வீரலட்சுமி லாரி டிரைவர்களை “ஜ்வர இதியா?” என்று கன்னடத்தில் காய்ச்சல் விசாரித்துக்கொண்டிருந்தாள். அவள் பைக்குள் எட்டிப் பார்த்தேன். ஊசி மருந்து பாட்டில்கள்!
“பணமெல்லாம் பிளேக் மாத்திரைக்கே போயிருச்சாம், இனிமே ஊசி மருந்து வராதாம். இருக்கிறதும் காணாமப் போயிருமேன்னு கூடவே வெச்சிருக்கேண்ணா.”
யாருக்குக் காது குத்துகிறாள்? நாலு அடி நடந்தால் அத்திப்பள்ளி மருந்துக்கடை.

9-10-94
நர்ஸின் மேலதிகாரிக்கு எழுதிப் போட்டுவிட்டேன். ஊசி போடாமலே டிக் போட்டு மருந்தை விற்கிறாள் என்று. என் பெயர் போடவில்லை.

18-10-94
வீரலட்சுமியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம், விசாரணையாம். நன்றாக வேண்டும்.
சாயங்காலம் முனிலட்சுமி சொன்னாள், “இன்னிக்கு ஊசி இல்லீங்க. நர்ஸம்மா வரலை.”
வரவில்லை என்றால் — அதுவரை வந்துகொண்டிருந்தாளா?

21-10-94
ஊசி இல்லை. இருமல் கூடியிருக்கிறது. ஐயோ, என்ன காரியம் செய்தேன்.

25-10-94
லீவு போட்டுவிட்டு, ஆறு மணிக்கு அவளோடு போனேன். பூட்டிய கதவு முன்னால் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். கெலவரப்பள்ளியிலிருந்து நடந்தே வந்திருந்த மாதப்பன் சொன்னார்: “மழை பேஞ்சாலும் அந்தம்மா வந்துரும் சார். எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுட்டான். வேற ஆள் கேட்டா, எல்லாரும் பிளேக் டூட்டியாம்.”
முனிலட்சுமிக்கு மூன்று ஊசி தவறிவிட்டது. மற்றவர்களுக்கும்தான்.
“நீங்க எழுதத் தெரிஞ்சவரு. அந்தம்மாவைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு மனு எழுதுங்க சார்.”
வராந்தாவில் உட்கார்ந்து எழுதினேன். முதல் வரி: ‘முன்பு வந்த மொட்டைக் கடிதத்தை எழுதியவன் நான். அது பொய்.’ கீழே வெங்கடப்பன் என்று கையெழுத்துப் போட்டேன்.
“படிச்சுக் காட்டுங்க, ரேகை வைக்கிறோம்” என்றார் மாதப்பன்.
முனிலட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
முதல் வரியிலிருந்து படித்தேன்.